மருதோன்றி ஏன் சிவக்கிறது?



தலைப்பிறை தென்பட்டது என்ற செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்ததுதான் தாமதம், நமது வீடுகளில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். ஒன்று அடுப்படியில். மற்றது பெண்பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருக்கும் பாயில். "எனக்கு முதல்ல", "இல்ல, எனக்கு முதல்ல" என்று சண்டை. மருதோன்றி போடாத பெருநாள் பிள்ளைகளுக்குப் பெருநாளே அல்ல.

என் சிறு வயதில் இந்த வேலைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே ஆயத்தம் நடக்கும். வேலியோரத்து மரத்தில் இலை பறிப்பதற்கு எங்களைத்தான் அனுப்புவார்கள். முள் குத்தும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. உம்மா அந்த இலையை அம்மியில் வைத்து, தேசிக்காய்ப் புளியும் ஆறவைத்த தேயிலைச் சாயமும் விட்டு வெண்ணெய்போல் அரைப்பார்கள். உள்ளங்கையின் நடுவில் ஒரு பெரிய வட்டம், விரல் நுனிகளில் தொப்பி, அவ்வளவுதான் வடிவம். துணியால் கட்டிவிட்டுப் படுக்க வேண்டும். காலையில் காய்ந்த பொருக்கை உரசி எடுத்தால் கை செம்மஞ்சளாக இருக்கும். "இவ்வளவுதானா?" என்று முகம் வாடும். "பொறு மகள், நாளைக்குப் பாரு" என்பார்கள் உம்மா என் தங்கையிடம். மறுநாள் பார்த்தால் அது நன்றாகக் காய்ச்சிய தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்திருக்கும்.

அந்த "பொறு" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இரசாயனம் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அதுவும் ஒரு துன்பத்தின் வழியாக. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இலையைப் பார்ப்போம்.

இலைக்குள் என்ன இருக்கிறது?

மருதோன்றியை அரபியில் ஹின்னா என்கிறார்கள். நம் அயலவர்களான சிங்களச் சகோதரர்கள் மரதொண்டி என்பார்கள். தாவரவியலாளர்கள் அதற்கு இட்ட பெயர் லோசோனியா இனெர்மிஸ். அந்தப் பேரினத்தில் இந்த ஒரே ஒரு இனம்தான் இருக்கிறது. அதன் கொத்துக் கொத்தான சிறு பூக்களின் மணம் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் இலைக்காகக் கிளையை வெட்டிக்கொண்டே இருப்பதால் அது பூக்க அவகாசம் கிடைப்பதில்லை! அரபிகள் அந்தப் பூவுக்குத் தனியாக ஃபாகியா என்று பெயர் வைத்து, அதிலிருந்து அத்தரும் எடுத்திருக்கிறார்கள்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மரத்திலிருந்து ஒரு பச்சை இலையைக் கசக்காமல் எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஒரு மணித்தியாலம் மூடிப் பிடித்திருங்கள். கை சிவக்காது. அதே இலையை அரைத்து வைத்தால் சிவக்கும். ஏன்?

பச்சை இலைக்குள் சாயம் சாயமாக இருப்பதில்லை. அது ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, நிறமற்ற ஒரு சேர்வையாக அடங்கியிருக்கிறது. ஆய்வாளர்கள் அவற்றை ஹென்னோசைட்டுகள் என்கிறார்கள். இலை அரைபடும்போது அதன் கலங்கள் உடைகின்றன. அதுவரை வேறு அறையில் அடைந்திருந்த நொதியம் வெளியே வந்து, சர்க்கரையை வெட்டிவிடுகிறது. எஞ்சிய பகுதியைக் காற்றிலுள்ள ஒட்சிசன் தொட்டதும் லோசோன் என்னும் செம்மஞ்சள் சாயம் உண்டாகிறது. உலர்ந்த இலையில் இது பொதுவாக நூற்றுக்கு 1 பங்கு அளவில் இருக்கும். சில இடத்து இலையில் அதில் பாதி, சில இடத்து இலையில் 2 பங்கு வரையும் போகும். வெயிலும் வரட்சியும் உள்ள நிலத்து மரம் நல்ல சாயம் தரும் என்பது அனுபவம். இந்தியாவின் ராஜஸ்தானில் சோஜத் என்ற ஊர் மருதோன்றிக்குப் பெயர் பெற்றதும் அந்தக் காய்ந்த நிலத்தினால்தான். முற்றிய இலையை விடத் தளிரில் சாயம் கூடுதல். நடு நரம்பு சிவந்திருக்கும் இலையாகப் பார்த்துப் பறிக்கச் சொன்ன நம் மூதாட்டிகள் இரசாயனம் படித்தவர்கள் அல்லர், ஆனால் கண் உள்ளவர்கள்.

அப்படியானால் தேசிக்காய் எதற்கு? வெளிப்பட்ட சாயம் காற்றில் நீண்ட நேரம் கிடந்தால் அதே ஒட்சிசன் அதைக் கெடுத்தும் விடும். புளிப்பு அந்த வேகத்தைத் தணிக்கிறது. சாயம் மெதுவாக வெளிப்பட்டு, கையில் ஏறும்வரை வீணாகாமல் நிற்கிறது. கிராம்பு எண்ணெயோ யூக்கலிப்டஸ் தைலமோ 2, 3 துளி விடுபவர்கள் இருக்கிறார்கள். அவற்றிலுள்ள ஆவியாகும் பொருட்கள் சாயம் தோலுக்குள் இறங்க உதவுகின்றன. ஆனால் கிராம்பு எண்ணெய் மெல்லிய தோலில் எரிச்சல் தரும், சிறுவர்களுக்கு வேண்டாம். காய்ந்து உதிரத் தொடங்கும்போது மேலே தொட்டு வைக்கும் சீனித் தண்ணீருக்குச் சாயத்தோடு ஒரு தொடர்பும் இல்லை. அது வெறும் பசை. விழுதைத் தோலோடு ஈரமாகப் பிடித்து வைக்கிறது.

இப்போது கைக்கு வருவோம். நமது தோலின் ஆக மேற்படை இறந்த கலங்களால் ஆனது. அதில் நிறைந்திருப்பது கெரற்றின் என்ற புரதம். நகமும் முடியும் அதே புரதம்தான். லோசோன் மூலக்கூறு இந்தப் படைக்குள் இறங்கி, கெரற்றினோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்கிறது. மேலே பூசியதுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, தோலின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால்தான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. பிணைந்த பிறகும் ஒட்சியேற்றம் தொடர்வதால் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் நிறம் கறுத்துச் சிவக்கிறது. உம்மாவின் "நாளைக்குப் பாரு" இதுதான். பொருக்கை எடுத்தவுடன் தண்ணீரில் கையைப் போடாதே என்பதும் இதனால்தான்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த இறந்த படை மிகவும் தடிப்பானது. சாயம் பிடிக்க நிறைய இடம் உண்டு. புறங்கையில் மெல்லியது, எனவே அங்கே அதே விழுது வெளிறிய நிறமே தரும். மாமியார் அன்பு கூடினால் கை சிவக்கும் என்ற பேச்சை நம்பி எந்த மருமகளும் கவலைப்பட வேண்டியதில்லை! தோல் உரிந்து புதுப்பிக்கும் வேகத்தில் 1 முதல் 3 வாரங்களுக்குள் நிறம் போய்விடும். நகத்திலே அது நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை இருக்கும்.

வுழூ கூடுமா?

பெண்கள் பகுதியில் பாடம் நடத்தும்போது வருடந்தோறும் வரும் கேள்வி இது. நகப்பூச்சு போட்டால் வுழூ கூடாது என்கிறீர்கள், மருதோன்றி போட்டால் மட்டும் எப்படிக் கூடும்? நல்ல கேள்விதான். மேலே சொன்னதில் அதற்கான விடை இருக்கிறது. நகப்பூச்சு நகத்தின் மேல் ஒரு படலமாகக் காய்கிறது, தண்ணீர் நகத்தைத் தொட விடாது. மருதோன்றியில் எஞ்சுவது நிறம் மட்டுமே. தோலுக்கும் தண்ணீருக்கும் இடையில் எதுவும் இல்லை. ஆனால் காய்ந்த விழுது கையில் இருக்கும்போது அதுவும் தடைதான். அதை முழுதாக நீக்கிவிட்டே வுழூச் செய்ய வேண்டும். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் பொருக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இஷாவைத் தொழுதுவிட்டுப் போட்டுக்கொண்டு படுத்தால் சிரமம் இல்லை.

தாவரச் சாயங்கள் நமது நூல்களில் பல இடங்களில் பேசப்படுகின்றன. இஹ்ராம் கட்டிய ஆண் குங்குமப்பூவினாலும் வர்ஸ் என்ற மஞ்சள் சாயச் செடியினாலும் தோய்த்த ஆடையை அணியக்கூடாது என்பது இப்னு உமர் (ரழி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் வருகிறது. நரைக்கு மருதோன்றியையும் கதம் என்ற செடியையும் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியதாக அபூதர் (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. அபூபக்ர் (ரழி) அவர்கள் அவ்விரண்டாலும் முடிக்குச் சாயமிட்டிருக்கிறார்கள்.

மருதோன்றி மட்டும் என்றால் நரை செம்மஞ்சள் ஆகும். அதோடு கருஞ்சாயம் தரும் வேறொரு செடி சேர்ந்தால் கபிலம் ஆகும். இன்று பலர் அந்த இரண்டாவது இடத்துக்குச் சேர்ப்பது அவுரியை. அவுரி இலையின் கதையும் மருதோன்றியின் கதையைப் போன்றதே. இலையில் இருக்கும்போது இண்டிக்கன் என்ற நிறமற்ற சேர்வை. சர்க்கரை கழன்று, காற்றுப் பட்டதும் நீலம். முதலில் மருதோன்றி, அதைக் கழுவிவிட்டு அவுரி என்று இட்டால் சிவப்பின் மேல் நீலம் ஏறி ஏறக்குறையக் கறுப்பாகத் தோன்றும். தேயிலைச் சாயத்தை இரும்புச் சட்டியில் ஊறவைத்து மருதோன்றிப் பொடியைக் கரைப்பவர்கள் வேறொரு வழியில் போகிறார்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின், இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்து எழுதும் மையும் இதே முறையில்தான் செய்யப்பட்டது.

அவுரிப் பொடியைக் கடைகளில் "கறுப்பு மருதோன்றி" என்ற பெயரில் விற்கும் வழக்கம் உண்டு. இந்தப் பெயரில்தான் பிறகு ஆபத்து புகுந்தது.

ஒரு வேரின் கதை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நமது நாட்டில் சாயம் என்றால் மருதோன்றி மட்டுமல்ல. மன்னார், யாழ்ப்பாணப் பகுதி மணல் நிலங்களில் சாயவேர் என்ற சிறு செடி வளரும். அதன் வேரைத் தோண்டி எடுத்துச் சோழமண்டலக் கரைக்கு ஏற்றுவார்கள். அங்கே துணிகளுக்குச் சிவப்புத் தோய்ப்பதற்கு அது வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் அந்த வேர் தோண்டுவதைக்கூட அரசு தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது என்றால் அதன் பெறுமதியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த வேரிலுள்ள சாயத்தின் பெயர் அலிசரின். இது பருத்தியில் தானாக ஒட்டாது. பருத்தி புரதம் அல்ல, செலுலோசு. எனவே முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் படிகாரத்திலும் தோய்ப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பிடிக்கும், படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்தத் துவர்ப்பைப் பிடிக்கும், சாயம் அலுமினியத்தைப் பிடிக்கும். இப்படி ஒன்று மற்றதன் கையைப் பிடித்து நிற்பதால்தான் அந்தத் துணிகள் எத்தனை தோய்ப்புக்கும் வெளிறாமல் இருந்தன. 1868 இல் ஜேர்மனியில் கிரேபே, லீபெர்மான் என்ற இருவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு இதே அலிசரினைச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு வேர் தோண்டுபவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1897 முதல் தொழிற்சாலை அவுரி நீலமும் சந்தைக்கு வந்துவிட்டது.

மஞ்சளுக்கு இந்தப் பிடிமானம் இல்லை. குர்குமின் பருத்தியிலும் உடனே ஏறும், ஆனால் வெயிலில் போட்டால் வெளிறிவிடும். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கறி சிந்தி, நீங்கள் சவர்க்காரம் போட்டதும் அந்த இடம் இரத்தம்போல் சிவந்ததைக் கண்டு திடுக்கிட்டிருப்பீர்கள். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், தேசிக்காய் விட்டால் மீண்டும் மஞ்சளாகும். பயப்படாமல் அலசி வெயிலில் போடுங்கள், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

என் வீட்டில் நடந்தது

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாள் இரவு. என் இளைய மகளுக்கு அப்போது 9 வயது. மனைவிக்கு அடுப்படி வேலை முடியவில்லை. இலை அரைக்க நேரம் இல்லை. கடைத்தெருவில் ஒரு கடையிலிருந்து கறுப்புக் கோன் ஒன்று வந்தது. அரை மணித்தியாலத்தில் கறுத்துவிடும், இரவு முழுக்க வைத்திருக்கத் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி என்னிடம் கேட்டார்: "இது போடக் கூடுமா?"

நான் ஒரு மௌலவி. எனக்குக் கேட்ட கேள்வி மார்க்கக் கேள்வியாகவே காதில் விழுந்தது. தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் இடுவது பற்றி அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும், அது கைக்குப் பொருந்தாது என்பதையும், படலம் இல்லை என்றால் வுழூவுக்குத் தடை இல்லை என்பதையும் விளக்கமாகச் சொன்னேன். அந்தக் கோனுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெருநாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் கறுப்புக் கொடி அழகாகப் படர்ந்திருந்தது. ஏறத்தாழ 70 நாட்கள் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள். அதே கோன். இரண்டாம் நாள் இரவு பிள்ளை எழும்பி வந்து, "வாப்பா, கை கடிக்குது" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புக் கொடி எங்கெல்லாம் ஓடியதோ, அங்கெல்லாம் தோல் சிவந்து மேலே எழும்பியிருந்தது. காலையில் அந்தக் கோடுகள் நீர்க் கொப்புளங்களாக ஆகிவிட்டன. பூ, இலை, கொடி, எல்லாம் கொப்புளத்தால் வரைந்ததுபோல.

தோல் வைத்தியர் பார்த்தவுடனேயே, "கறுப்பு மெஹெந்தியா?" என்று கேட்டார். பெருநாள் முடிந்தால் தனக்கு இந்த நோயாளிகள் வருவது வழக்கம் என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மருதோன்றியால் கறுப்பு நிறம் தரவே முடியாது. அதன் எல்லை ஆழ்ந்த கபிலச் சிவப்புத்தான். அரை மணியில் கறுக்கும் விழுதில் பெரும்பாலும் கலந்திருப்பது பராபீனைலீன்டயமின், சுருக்கமாகப் பி.பி.டி. இது எந்தச் செடியிலிருந்தும் வருவதல்ல. ஆய்வுகூடத்தில் செய்யும் பொருள், தலைமுடிச் சாயங்களில் பயன்படுவது. மிகச் சிறிய மூலக்கூறு. தோலுக்குள் இலகுவாக இறங்கி, ஒட்சிசனோடு சேர்ந்து கறுக்கிறது. கறுக்கும் வழியில் உண்டாகும் இடைப்பொருள் தோலின் உயிருள்ள பகுதியிலுள்ள புரதங்களோடு பிணைகிறது. அப்போது உடலின் காவற் படை அந்தப் புரதத்தை அந்நியன் என்று எண்ணி நினைவில் வைத்துக்கொள்கிறது.

முதல் தடவை ஒன்றும் நடக்காமல் போகலாம், அல்லது ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்து அரிப்பு வரலாம். இரண்டாம் தடவை நினைவு விழித்துக்கொள்ளும், 1 முதல் 3 நாட்களுக்குள் தாக்கும். "போன பெருநாளைக்குப் போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முடிச் சாயத்தில் இது இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஐரோப்பிய நாடுகளில் முடியில் இடும் கலவையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். தோலில் பூசுவதற்கு அனுமதியே இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். ஆனால் கறுப்பு மருதோன்றியில் எவ்வளவு இருக்கிறது? 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், ஐக்கிய அரபு அமீரகத்தில் எடுத்த கறுப்பு மருதோன்றி மாதிரிகளில் 0.4 முதல் 29.5 சதவீதம் வரை பி.பி.டி. இருந்தது. முடியில் இடுவதற்கே 2 சதவீதம்தான் எல்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சூடான் நாட்டில் இதை விடக் கொடுமை. அங்கே பெண்கள் மருதோன்றியைக் கறுப்பாக்க இந்தப் பொருளைக் கலப்பது வழக்கமாகியிருந்தது. வீட்டில் கிடந்ததைக் குழந்தைகள் உட்கொண்டுவிட்டன. கார்த்தூமில் இவ்வாறு நஞ்சேறிய 31 குழந்தைகளைப் பற்றி 1992 இல் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு அடைத்து, சிறுநீரகம் செயலிழந்து, பல பிள்ளைகள் மரணித்தனர். வீட்டில் முடிச் சாயப் பொடி இருந்தால் அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

என் மகளின் கை ஆறியது. கொடி ஓடிய இடம் பல மாதங்கள் வெளிறிக் கிடந்தது. ஆனால் காவற் படையின் நினைவு அழியாது என்றார் வைத்தியர். வாழ்நாள் முழுவதும் அவள் சாதாரண முடிச் சாயத்தைத் தொடக்கூடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சில ஆடைச் சாயங்கள், தோலை மரக்கச் செய்யும் சில மருந்துகள், சில இறப்பர்ப் பொருட்கள்கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு பெருநாள் இரவில் நாங்கள் கொடுத்த அன்பளிப்பு இது. என் மனைவி தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டார். கேட்டது அவர், தீர்ப்புச் சொன்னது நான்.

எப்படி அறிவது?

கோன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எல்லோர் வீட்டிலும் மரம் இல்லை. ஆனால் சிலதைப் பாருங்கள். உண்மையான விழுது பச்சை கலந்த கபில நிறமாக இருக்கும், காய்ந்த வைக்கோலும் இலையும் கலந்த மணம் இருக்கும். மைபோல் கறுத்திருந்தால், பெற்றோல் போன்ற நெடி வீசினால் வேண்டாம். உண்மையான மருதோன்றிக்குப் பல மணித்தியாலங்கள் தேவை. பொருக்கை எடுத்ததும் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். 10 நிமிடத்தில் சிவக்கும், அரை மணியில் கறுக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அந்த வாக்கியமே உங்களுக்கு எச்சரிக்கை. கரைத்த விழுது சாதாரண வெப்பத்தில் சில நாட்களில் சாயமிழந்துவிடும். அப்படியிருக்க, ஒரு வருடமாகக் கடை அலுமாரியில் தொங்கிய கோன் எப்படிச் சிவக்கிறது? சிவப்புக் கோன்களிலும் சோடியம் பிக்ரமேட் போன்ற செயற்கைச் சாயம் கலந்திருப்பது வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறது. உள்ளடக்கம் எழுதாத பெட்டியைக் கையில் எடுக்கவே வேண்டாம். "இயற்கையானது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது உள்ளடக்கம் ஆகாது.

அதற்காக இலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் போடலாம் என்றும் இல்லை. கைக்குழந்தைகளுக்குத் தூய மருதோன்றியும் வேண்டாம். சிலருடைய இரத்தத்தில் ஜி6பி.டி. என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். மலேரியா பரவியிருந்த நாடுகளில், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், இது காணப்படும். அப்படிப்பட்ட பிள்ளையின் மெல்லிய தோல் வழியே லோசோன் உள்ளே போனால் செங்குருதிக் கலங்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். உயிராபத்தில் முடிந்த சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் உண்டு. பிறந்த 40 ஆம் நாளில் பிள்ளையின் காலில் ஒரு பொட்டு வைக்க ஆசைப்படும் மூத்தம்மாக்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். என் உம்மாவிடம் சொன்னபோது, "பச்சை இலையில என்ன வெசம் மகன்?" என்று கேட்டார்கள். அரளியும் பச்சை இலைதானே உம்மா என்றேன். பிறகு அவர்கள் பேசவில்லை.

கறுப்புக் கோன் போட்டு அரிப்புத் தொடங்கிவிட்டால், உடனே சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நிறம் போகாது, ஆனால் மேலே எஞ்சியிருப்பது போகும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், தேங்காய் எண்ணெய், மஞ்சள், பற்பசை என்று எதையும் பூசாதீர்கள். வைத்தியரிடம் போங்கள், முடிந்தால் அந்தக் கோனையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

இப்போதெல்லாம் வகுப்பில் மருதோன்றி பற்றிக் கேள்வி வந்தால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்த மருதோன்றி? பெட்டியைக் கொண்டு வாங்க பார்ப்போம்" என்பதுதான். மாணவிகள் சிரிக்கிறார்கள். சிலர் மறுநாள் பெட்டியைக் கொண்டும் வருகிறார்கள்.

என் மகளுக்கு இலை மருதோன்றி போடலாமா என்று வைத்தியரிடம் கேட்டோம். வேறு எதுவும் கலக்காத இலையென்றால், முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து, சில நாட்கள் பார்த்துவிட்டுப் போடச் சொன்னார். உம்மா வீட்டு மரத்தில் பென்சில் தடிப்பில் ஒரு குச்சியை வெட்டிவந்து, கிணற்றடியில் வெயில் படும் பக்கமாக நட்டோம். தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. முதல் வருடம் இலை பறிக்க விடவில்லை. அடுத்த வருடம் அரைத்துப் பொட்டு வைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகு, பெருநாள் இரவில் அவளுடைய உள்ளங்கையில் மூத்தம்மாவே ஒரு வட்டம் வைத்தார்கள். கொடி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காலையில் பொருக்கை உரசிவிட்டு என்னிடம் கையைக் காட்டினாள், செம்மஞ்சள். நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும் வாப்பா, நாளைக்குத்தான்" என்றாள்.